வளைக்குள் இருவர்

மலை முழுக்க எரிந்துகொண்டிருந்தது. ஓடிக் களைத்த முயல், கண்ணில் பட்ட வளைக்குள் பாய்ந்தது. உள்ளே கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. அதன் வால் விடாமல் கிலுகிலுத்தது.

வெளியே பைன் மரங்கள் வெடித்துச் சரிந்தன. முயலால் திரும்பிப் போகவும் முடியவில்லை.

"அண்ணே, மிரட்டாதீங்க. எனக்குப் போக வேற இடமில்ல."

"யாருடா மிரட்டினா? நடுக்கத்துல வாலு தானா ஆடுது. உள்ள தள்ளி வா, உன் முதுகு ரோமம் கருகுது பாரு."

"என்னைத் தின்னுட மாட்டீங்களே?"

"இந்தப் பயத்துல எவனுக்குப் பசிக்கும்?"

தீ தலைக்கு மேலே இரைந்துகொண்டு கடந்தது. இரண்டும் ஒட்டிப் படுத்து, தரையோரம் மிச்சமிருந்த காற்றைப் பங்கிட்டு மூச்சு விட்டன. மெல்ல இரைச்சல் அடங்கியது. வாலும் அடங்கியது.

முயல் வாசலில் ஒரு காலை வைத்துப் பார்த்தது. சாம்பல் சுட்டது. உள்ளே திரும்பி வந்து பாம்பின் பக்கத்திலேயே படுத்தது.

"ஆறட்டும். அதுவரைக்கும் இங்கயே இருந்துக்கறேன். உங்களை மாதிரி நல்ல மனசை நான் பார்த்ததே இல்லண்ணே."

பாம்பு முகத்தை மண்சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"சுட்டாலும் பரவாயில்ல, இப்பவே ஓடிடு தம்பி. எனக்குப் பயம் தெளிஞ்சுக்கிட்டு வருது."