நாய் படுத்திருக்கும் ஓவியம்

மாமனார் ஊரறிந்த ஓவியச் சேகரிப்பாளர். வீட்டில் ஒரு நாட்காட்டி மாட்டக்கூடச் சுவர் மிச்சமில்லை. குளியலறையிலும் இரண்டு ஓவியங்கள் தொங்கின. அத்தனையையும் தூசி துடைப்பது மருமகளின் வேலை.

சாப்பாட்டு அறையில், காலி நாற்காலியின் அடியில் கிழட்டு நாய் ஒன்று படுத்திருக்கும் ஓவியம் இருந்தது. அதன் கீழே தினமும் பழுப்பு முடி உதிர்ந்து கிடக்கும். அந்த வீட்டில் யாரும் நாய் வளர்த்ததில்லை. முதல் தடவை அவள் கேட்டபோது மாமனார், "வெயில் காலம்ல, கொட்டத்தான் செய்யும்" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கூட்டி அள்ளினாள்.

மாமனார் இறந்ததும் ஓவியங்கள் எல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போயின. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

ஒரு வாரம் கழித்து அங்கிருந்த காவலாளி ஃபோன் செய்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. சாயங்காலமானா அந்த நாய்ப் படம் முனகுது. வீட்டுல என்ன பண்ணுவீங்க?"

"மாமா அதுக்கு எதிர்ல உக்காந்திருப்பாரு. வேற ஒண்ணும் பண்ண மாட்டாரு."

"டியூட்டில எங்களை உக்கார விடமாட்டாங்கம்மா."

'செத்தும் வேலை வைக்கிறாரே' என்று சலித்துக்கொண்டே பஸ் ஏறினாள். ஓவியத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். முனகல் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவள் பாதத்தின் மேல் கதகதப்பாக ஒரு பாரம் சாய்ந்தது.

மூடும் நேரம் என்று மணி அடித்தும் அவள் காலை நகர்த்தவில்லை.