எல்லைக் கூட்டத்தில் சுபிக்‌ஷா பேசியது

எந்தெந்த வீதிப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கலாம் என்ற எல்லையை மாற்ற, பெற்றோர் ஆசிரியர் கழகம் கூட்டிய கூட்டத்தை, சுபிக்‌ஷா வீட்டில் உட்கார்ந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் பெற்றோர் யாரும் நேரில் போய்க் கத்துவதில்லை. அவரவர் பழைய பேச்சையெல்லாம் கேட்டுப் பழகிய கணினிப் பதில்குரல்தான் அவர்களுக்காகப் பேசும், ஓட்டும் போடும். பெண் பிள்ளைகளுக்கு பாத்ரூம் எங்கே என்று மூன்று வருடம் தொண்டை வறளக் கேட்டவள் சுபிக்‌ஷா. அவளுடைய பதில்குரல் அதை மறக்கவில்லை.

"ஆத்துக்கு அந்தப்பக்கம் இருக்கற நாலு வீதியை எல்லையில இருந்து எடுத்துட்டா பஸ் செலவு மிச்சமுங்க. அந்தக் காசுல பாத்ரூம் கட்டிப்போடலாம். எங்க வீதியும் அதுல ஒண்ணுதானுங்க. இருந்தாலும் பள்ளிக்கூடம் நல்லா இருக்கோணும்."

அச்சு அசல் அவள் குரல். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

சுபிக்‌ஷா பதறிப்போய் மறுப்புப் பொத்தானை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். 'உங்கள் கருத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள், நன்றி' என்று திரை ஒவ்வொரு முறையும் பணிவாகச் சொன்னது.

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த, அதே பள்ளியில் படிக்கும் மகள் இளவெயினி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீயே சொல்லிப்போட்டு இப்ப எதுக்கும்மா அழுகறே?"