வெறும் சட்டத்துக்கு வந்த கூட்டம்

ஒரு மியூசியத்தில் ராணி ஓவியம் ஒன்று இருந்தது. பேர்தான் பெரிசு. வருகிறவர்கள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

ஒருநாள் திருடன் ஒருவன் பிளேடால் ராணியை மட்டும் அறுத்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். சுவரில் மரச்சட்டம் மட்டும் தொங்கியது.

செய்தி பரவியதும் கூட்டமான கூட்டம். வெறும் சட்டத்தோடு ஆளாளுக்கு செல்ஃபி எடுத்தார்கள்.

"பாத்தியா தம்பி, எல்லாம் என்னைப் பாக்க வந்த சனம்" என்றது சட்டம், தன் முதுகுக்குப் பின்னால் குடியிருந்த பல்லியிடம்.

"ராணியம்மா திரும்பி வந்துட்டா என்னண்ணே பண்ணுவ?"

"அவ எங்க வரப்போறா? வராட்டியும் இங்க ஒரு குறையும் இல்ல."

ஆனால் போலீஸ் விடவில்லை. லாரியில் வாழைத்தார்களுக்கு அடியில் இருந்த ராணியை மீட்டு, திருடனை உள்ளே தள்ளிவிட்டார்கள். வாசலில் ஆரத்தி சுற்றித்தான் அவளை மியூசியத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்ததுமே ராணி ஆரம்பித்தாள். "நாலு மாநிலத்துப் போலீஸ் என்னைத் தேடி அலைஞ்சுது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் என் போட்டோதான்."

"நீ இல்லாதப்ப என்னைப் பாக்க வாசல் கேட்டு வரைக்கும் வரிசை நின்னுச்சு" என்றது சட்டம்.

பல்லி இரண்டு பேருக்கும் உச்சுக்கொட்டி வைத்தது.

கொஞ்ச நாளில் கூட்டம் வடிந்தது. வருகிறவர்கள் பழையபடி ஃபேனைத் தேடிப் போனார்கள்.

ஒரு மத்தியானம் ராணியும் சட்டமும் சேர்ந்தே பல்லியைக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, நீ நாலு இடம் போய்வர்றவன். அந்தத் திருடனை எப்ப வெளிய விடுறாங்கன்னு கொஞ்சம் விசாரிச்சுட்டு வர்றியா?"