சீர் வண்டியின் டயர்

மாமனார் டயரை உருட்டிக்கொண்டு வருவதை அவன் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்தான்.

புது டயர்.

பஸ் நிறுத்தத்திலிருந்து தெரு நெடுக உருட்டிக்கொண்டு வருகிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். டயரின் பக்கவாட்டில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. பொட்டு மேலே வந்தது, கீழே போனது, மறுபடி மேலே வந்தது.

சீராகக் கொடுத்த வண்டிக்கு டயர் என்றால் அதுவும் சீர்தானே. பொட்டு வைக்காமல் கொண்டுவருவாரா?

நாலு வீடு தள்ளி, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, சீரு இன்னும் வந்துக்கிட்டே இருக்குதுங்களா?"

மாமனார் டயரைப் பிடித்தபடி நின்று அண்ணாந்து சிரித்தார். ஏதோ பதில் சொன்னார். மனுஷருக்கு யாராவது பேச்சுக் கொடுத்தால் போதும், நின்றுவிடுவார்.

அந்தச் சிரிப்பை அவனால் பார்க்க முடியவில்லை. திரும்பி வண்டியைப் பார்த்தான்.

வண்டி நாலு சக்கரத்திலும் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது.

நேற்று இடது பின் டயரில் ஆணி ஏறியது. ஒரே ஓர் ஆணி. அம்மா உடனே சம்பந்திக்குப் போன் போட்டாள். "நீங்க குடுத்த வண்டி டயர் போயி நிக்குதுங்க" என்றாள். ஆணி என்று சொல்லவில்லை. பஞ்சர் என்றும் சொல்லவில்லை.

அவன் அதே அறையில்தான் இருந்தான். பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

பஞ்சர் போட்டால் போதும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. வந்தால் வரட்டுமே என்றிருந்தது. போன வருஷம் பேட்டரியும் அப்படித்தான் வந்தது. கேட்பது அம்மா. பச்சைப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பது அவன்.

கல்யாண மண்டபத்தில் சாவியைக் கையில் கொடுத்தபோது "எதுக்குங்க மாமா இதெல்லாம்" என்று சொன்னவன் அவன். சொல்லிக்கொண்டே சாவியை வாங்கிக்கொண்டவனும் அவன்தான்.

மாமனாருக்கு இன்றுவரை டவுன் பஸ்தான்.

காலையில் அவன் மனைவி கோகிலா யாரிடமும் கேட்காமல் முக்குக் கடை பஞ்சர்காரரைக் கூட்டிவந்தாள். அவர் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, காற்றடித்துவிட்டுப் போனார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, தாராளமாக ஓடும் என்றாராம். வர வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. பஸ் இரைச்சலில் கேட்டிருக்காது.

இப்போது வந்துவிட்டார். நன்றாக நிற்கிற வண்டியைப் பார்ப்பார். ஓர் ஆணிக்காகத் தன்னிடம் ஒரு டயர் கேட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வார். மாப்பிள்ளையும் சேர்ந்துதான் கேட்டான் என்றும் புரிந்துகொள்வார்.

ஓடிப்போய் டயரைக் கையில் வாங்கியிருக்க வேண்டும். மாப்பிள்ளை என்று இருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும்.

அவன் வண்டியின் பின்பக்கம் போய்க் குந்தினான்.

வால்வு மூடியைக் கழற்றினான். சாவி முனையால் உள்ளே இருந்த ஊசியை அழுத்தினான்.

காற்று சீறிக்கொண்டு வந்தது.

இத்தனை தூரம் சுமந்து வந்தது வீண் என்று தெரிந்தால் பெரியவர் மனசு நோகும், அவருக்காகத்தான் செய்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாமே, அந்த அழுகை. அது அவனுக்கே தெரிந்தது. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

கையை மட்டும் எடுக்கவில்லை.

வண்டி ஒரு பக்கமாக மெல்ல உட்கார்ந்தது.

எழுந்தபோது வாசலில் கோகிலா நின்றுகொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கொடுக்கத் தண்ணீர்ச் சொம்பு கையில் இருந்தது. எப்போதிருந்து நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

மாமனார் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். கொண்டுவந்த டயரைச் சுவரில் சாய்த்தார். தண்ணீரைக்கூட வாங்காமல், காற்றிறங்கிக் கிடந்த சக்கரத்தைத்தான் முதலில் குனிந்து பார்த்தார்.

"நேத்திருந்தே இப்படித்தான் நிக்குதா கண்ணு?"

அவன் வால்வு மூடியைக் கைக்குள் மறைத்துக்கொண்டான்.

கோகிலா சொம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமாங்கப்பா" என்றாள்.

மாமனாரின் முகம் தெளிந்தது. வந்த காரியம் வீண் போகவில்லை என்ற நிம்மதி. சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார்.

அவள் காட்டிக்கொடுத்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் டிக்கியைத் திறந்தாள். ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்து அவன் காலடியில் வைத்தாள். அப்பாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

சக்கரத்தைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால்தான் புது டயரை மாட்ட முடியும். அவன் குந்தி, முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினான்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"வாங்க சம்பந்தி. ஒண்ணுதானுங்களா கொண்டாந்தீங்க? மாத்துனா சோடியா மாத்தோணும்ங்கறாங்களே."

சொம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அதுக்கென்னங்க" என்றார் மாமனார். "அடுத்த வாரம் இன்னொண்ணு கொண்டாந்தர்றனுங்க."

ஸ்பேனர் நட்டிலேயே நின்றது.

"அம்மா" என்றான்.

அவனுக்கே கேட்கவில்லை.

எழுந்து நின்றான். தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தரம் கூப்பிட்டான்.