வெள்ளைத் திரை

"கத்தியைக் கீழை போடு நாகலிங்கம்! திரையிலை கை வைச்சியெண்டால் தெரியும் சேதி!" கீழே நின்று கத்தினாள் தியேட்டர்காரி மகாதேவி.

ஏணி உச்சியில் நின்ற நாகலிங்கம் கத்தியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தான். அந்தத் திரையில் இத்தனை வருடம் படம் ஓட்டியவன். அதைக் கிழிக்க அவனுக்கு மட்டும் மனம் வருமா? ஆனால் எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில், இந்திய ஆமி முன்னேறிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து உரும்பிராயில் யார் மனத்தைக் கேட்டார்கள்?

தியேட்டருக்குள் கலரியிலிருந்து பல்கனி வரை, ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்த சனம். காலையில் ஹெலிகொப்டர் கூரையில் சுட்டுவிட்டுப் போயிருந்தது. அது திரும்பி வருவதற்குள், உள்ளே இருப்பது வெறும் சனம்தான் என்று காட்டக் கூரையில் பெரிதாக வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். உடுத்த உடுப்போடு வந்தவர்கள் வெள்ளைக்கு எங்கே போவார்கள்?

"அக்கா, உள்ளை குழந்தை குட்டியள் கிடக்குதுகள். துணி பெரிசோ, உயிர் பெரிசோ?"

"என்ரை மனிசன் கட்டின திரை. பொங்கலுக்கு இதிலை படம் ஓடோணும்."

மகாதேவியின் பேச்சில் நாகலிங்கத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவள் படம் பார்ப்பவள்கூட இல்லை. வெள்ளைச் சேலையோடு படத்துக்குப் போனால் சனம் கதைக்கும் என்று, கணவன் செத்த நாள் முதல் பின்வீட்டு மதிலோடு நின்று வசனம் மட்டும் கேட்பவள்.

"கல்நெஞ்சுக்காரி!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மகாதேவி திரும்பியும் பார்க்கவில்லை. "நான் வருமட்டும் கீழை இறங்கி நில்" என்றுவிட்டு விறுவிறென்று பின்வீட்டுக்குப் போய்விட்டாள்.

தூரத்தில் ஹெலிச் சத்தம் கேட்டது. இனியும் பொறுக்க முடியாமல் நாகலிங்கம் மறுபடி ஏணியில் ஏறினான். கத்தி திரையில் பட்ட நேரம், வாசலில் நின்ற சனம் விலகி வழிவிட்டது.

பெரிய மூட்டையோடு மகாதேவி வந்துகொண்டிருந்தாள். உடம்பில் அரக்குச் சிவப்பில் கலியாணக் கூறைச் சேலை. பெட்டியில் கிடந்த மடிப்புக்கூடக் குலையவில்லை.

மூட்டையை உதறினாள். அவளுடைய வெள்ளைச் சேலைகள் ஒன்றோடொன்று முடிந்தபடி விழுந்தன. சற்று முன் உடுத்திருந்ததும் கடைசி முடிச்சில் இருந்தது.

"கொண்டுபோய்க் கூரையிலை விரி. ஒண்டும் எனக்குத் திருப்பித் தர வேண்டாம். பொங்கலுக்கு நானும் படத்துக்கு வாறன்."

நாகலிங்கம் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினான். "அக்கா, கூறையோடை... சனம் கதைக்குமே!"

"சனம் உயிரோடை இருந்து கதைக்கட்டும்!"