ரப்பர் பை

இழு, கண்ணு. நீயே இழு.

செல்லாயி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கறுப்பு ரப்பர் பை அவள் உள்ளங்கையில் உப்பிக்கொண்டு கிடந்தது. அதன் குழாய் வசந்தாமணியின் தொண்டையில் போட்டிருந்த துளைக்குள் போயிருந்தது.

தலைமாட்டில் மூச்சு மெஷின் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் இரைச்சல் இப்போது இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பையில் சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. குமாரபாளையத்திலிருந்து சேலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது வசந்தாமணிக்கு மூச்சு நின்றுபோகும் நிலை. மெஷினில் போட்டார்கள். அந்தக் கோடையில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். கரண்ட் போனால் கூட இருப்பவர்தான் பையை அழுத்தவேண்டும்.

கூட இருந்தது செல்லாயி.

விசைத்தறி ஓட்டிய கை அவளுடையது. தறி ஓடுவது போலவே ஒரே சீராக அழுத்தினாள். வசந்தாமணியின் வயிறு தானாக அசையப் பார்க்கும், அதற்கு முன்பே காற்று உள்ளே போய்விடும். நர்ஸ் வந்து மாற்றிக்கொள்கிறேன் என்றபோதும் பையைக் கொடுக்கவில்லை. ஒரு மூச்சு தவறினாலும் தவறவிட்டது தன் கை என்று ஆகிவிடுமே என்று பயம்.

பக்கத்துக் கட்டில்காரிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"அக்கான்னா இப்படியல்லோ இருக்கோணும்! எனக்கும் ஒருத்தி இருக்கறாளே, எனக்குன்னு ஆரஞ்சுப் பழம் கொண்டாந்து, அவளே உரிச்சுத் தின்னுபோட்டுப் போனா."

செல்லாயி சிரித்துவைத்தாள். அழுத்துவதை நிறுத்தவில்லை.

இன்று காலையில்தான் டாக்டர் சுவாமிநாதன் வந்து மெஷினை நிறுத்தினார்.

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசை இருக்கும்மா. மூச்சை இழுக்கறது அதுதான். பாதியை விஷம் கெடுத்துட்டுது. மீதியை மெஷினும் நீங்களும் சேர்ந்து கெடுத்துட்டீங்க. வேலையே இல்லாம அது மெலிஞ்சு போச்சு."

இனி அவளேதான் இழுத்துப் பழகவேண்டும். தவிப்பாள், பார்க்கச் சகிக்காது. ஆனாலும் உதடு நீலமானால் மட்டும் அழுத்துங்கள். அதற்கு முன்னால் இரக்கப்பட்டு அழுத்தினால் அந்தத் தசை பிறகு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். நர்ஸ் எதிர்க் கட்டிலுக்கு ஊசி போட்டுக்கொண்டே இந்தப் பக்கமும் ஒரு கண் வைத்திருந்தாள்.

வசந்தாமணி தவித்தாள்.

கழுத்து நரம்புகள் கயிறாக முறுக்கிக்கொண்டன. மூச்சை இழுக்கும்போது மேலே எழவேண்டிய வயிறு உள்ளே குழிந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி குழிந்தது.

அவள் பார்வை செல்லாயியின் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. படுக்கை மேல் கிடந்த தன் விரல்களை மூடித் திறந்தாள். மூடித் திறந்தாள்.

அழுத்து என்கிறாள்.

அக்கா, என்று உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

செல்லாயி அந்த உதட்டையே பார்த்தாள். வெளுத்திருந்தது. வெளுப்பு எந்த இடத்தில் நீலமாகும்? ஆகும்போது தனக்குத் தெரியுமா? தெரிந்தும் தெரியாத மாதிரி தன் கண்ணே தன்னை ஏமாற்றிவிட்டால்?

உள்ளங்கை வேர்த்து ரப்பர் வழுக்கியது.

அப்போதுதான் வசந்தாமணியின் அம்மா காளியாத்தாள் கஞ்சித் தூக்குப்போசியோடு உள்ளே வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். நின்ற மெஷினைப் பார்த்தாள். சும்மா இருந்த செல்லாயியின் கையைப் பார்த்தாள்.

"அமுக்கு சாமி! புள்ள உசுருக்குத் துடிக்கறா, நீ சினிமா பாக்கற மாதிரி பாத்துக்கிட்டு இருக்கற?"

"டாக்டர் அமுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கறாருங்கம்மா."

"டாக்டரு சொன்னாரா, உன்ற மனசு சொல்லுச்சா?" காளியாத்தாளின் குரல் வார்டு முழுக்க எழும்பியது. "உன்ற புருசன் கட்டுன தாலி என்ற மக கழுத்துலயுங் கெடக்குதுன்னுதானே கைய மடக்கி உக்காந்திருக்கற!"

பக்கத்துக் கட்டில்காரி மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செல்லாயிக்கு அது புதிய கேள்வி இல்லை. இத்தனை நாளும் ஓர் அழுத்தல்கூடத் தவறாமல் அழுத்தியது, இதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். முக்கியமாகத் தானே கேட்டுக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக.

ஊரில், செல்லாயியின் பழைய சேலையில் கட்டிய தூளியில், வசந்தாமணியின் பையன் தூங்கிக்கொண்டிருப்பான். இவள் போய்விட்டால் அவன் முழுக்கத் தன் பிள்ளை. அப்படி ஒரு நினைப்பு வந்தது உண்மை. வந்த அன்றிலிருந்துதான் கை ஓயாமல் அழுத்தியது.

இப்போதும் அழுத்தலாம். விரலை மடக்கினால் போதும். வசந்தாமணியின் தவிப்பு அடங்கும், காளியாத்தாளின் வாய் அடங்கும். வார்டே அவளைப் புகழும். அழுத்தி அழுத்தியே இவளைச் சாகவிட்டாலும் புகழும்.

அழுத்தாமல் இருந்து இவள் செத்தால்?

வயிறு குழிந்தது. உதடு வெளுத்துத்தான் இருந்தது. வெளுப்புதான்.

காளியாத்தாள் தூக்குப்போசியைத் தரையில் வைத்தாள். ஆத்திரம் எல்லாம் வடிந்துபோய், தன்னைவிடச் சின்னவளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஒரே ஒரு தடவை, தாயி."

"மாட்டேனுங்கம்மா," என்றாள் செல்லாயி, வசந்தாமணியின் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.