நெருக்கி விதைத்தவர்

அறுவடை முடிந்ததும் வேளாண்மை அதிகாரியே வீடு தேடி வந்ததில் விவசாயிக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி இந்த வருஷம் கூடத்தில் புதிதாகப் போட்டிருந்த நீள இருக்கையில், பூப்போட்ட விரிப்பைத் தட்டிவிட்டு அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார் விவசாயி.

“உங்க வயல்லதான் சோயா விளைச்சல் ஜாஸ்தி. நாளைக்குக் கூட்டத்துல ரகசியத்தைச் சொல்லணும்” என்றார் அதிகாரி.

“ரகசியமென்ன சார்! விதையை நெருக்கிப் போடணும். மத்தவங்க போடறதைவிட ரெண்டு மடங்கு வாங்கிப் போட்டேன். அள்ளிட்டோம்ல!”

தண்ணீர் கொண்டுவந்த மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். விதைப்பு இயந்திரத்தை ஓட்டுவது அவள். உத்தரவு போடுவது மட்டும்தான் இவர்.

அதிகாரி நெற்றியைச் சுருக்கினார். “நெருக்கிப் போட்டா செடி ஒல்லியா வளர்ந்து சாஞ்சிடுமே. உங்க செடியெல்லாம் நல்லா கிளை விட்டுக் காய்ச்சிருந்துது. இடம் விட்டு விதைச்சாதான் அப்படி வரும்.”

“அதெல்லாம் புஸ்தகத்துல சார். இது அனுபவம்!”

மனைவிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “ரெண்டு பேரும் கொஞ்சம் எழுந்திரிங்க.”

எழுந்தார்கள். அவள் விரிப்பை உருவினாள். அடியில் வரிசையாக, தையல் பிரிக்காத சோயா விதை மூட்டைகள்!

“போன வருஷம் நெருக்கிப் போட்டு மொத்தமும் சாஞ்சுது. அதான் இந்தத் தடவை பாதியை எடுத்து வச்சுட்டேன். அதுமேல உட்கார்ந்துதான் இத்தனை நாளா அனுபவம் பேசறீங்க.”

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். “நாளைக்கு நீங்க வந்து பேசறீங்களாம்மா?”

விவசாயி அவசரமாகக் குறுக்கிட்டார். “தாராளமா பேசட்டும் சார். அந்தப் பாதி விதையைப் பத்திரமா பார்த்துக்கிட்டது யாருன்னும் சொல்லச் சொல்லுங்க!”